வேடந்தாங்கலும் விடுமுறையும்



வேலூர் லாங் பஜாரில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒருவன் நேராக நடந்து செல்ல இயலாது. கைவண்டிக்கு ஒதுங்க வேண்டும். மூட்டை சுமப்பவருக்கு வழி விட வேண்டும். மளிகை மண்டியின் மிளகாய் நெடிக்குத் தும்மி, நேதாஜி மார்க்கெட்டின் பூ மணத்தில் ஆறுதல் பெற்று, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அத்தெருவில் என் நெடுநாளைய நண்பர் ஒருவர் தோல் செருப்பும் இடைவாரும் பணப்பையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் அவருக்குச் சரக்கு வரும். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கடை வாயிலில் கிடக்கும் முக்காலி என் மாலைநேர நாற்காலியாகிவிட்டது.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேரன் கடைக்கு வந்தான். அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. ஆனால் அவன் பேச்செல்லாம் தேர்வுக்குப் பின்வரும் விடுமுறையைப் பற்றியே இருந்தது.

“தாத்தா, இந்த லீவுக்குக் காட்டுக்குப் போகணும். புலியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது” என்றான்.

நண்பர் என் பக்கம் திரும்பினார். “ஹெட்மாஸ்டர் ஐயா, நீங்களே ஒரு யோசனை சொல்லுங்க. மூணு நாளைக்கு மேல் என்னால் கடையை விட்டு வர முடியாது.”

“பாய், ஒரு நாள் தவணை கொடுங்கள், நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, அச்சிறுவனின் ஆசைக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருப்பது எனக்குப் புலப்பட்டது. அவனுக்கு மறுநாள் நான் சொன்ன விடையையே சற்று விரித்து இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

விலங்கைக் காட்டிலேயே கண்டு மகிழ்வதற்கென்று விடுமுறையைத் திட்டமிடுவது மிக அண்மைக் காலத்து வழக்கம். முற்காலத்தில் காட்டுக்குப் போனவர் யார்? விறகும் தேனும் தேடிப் போனவர், மேய்ச்சலுக்கு மாட்டை ஓட்டிப் போனவர், தவம் செய்யப் போனவர், வேட்டைக்குப் போனவர். இவர்களுள் பொழுதுபோக்காகப் போனவர் வேட்டைக்காரர் ஒருவரே. மன்னர்கள் வேட்டையாடினர்; அவர்களுக்குப்பின் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆடினர். துரைமாரின் விடுமுறை என்றாலே நீலகிரிக்கோ ஆனைமலைக்கோ துப்பாக்கியோடு செல்லும் பயணமாக இருந்தது. கொன்ற விலங்கின் தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவதும், புலித்தோலைத் தரையில் விரிப்பதும் பெருமையாகக் கருதப்பட்டன.

இப்படியே போனால் சுடுவதற்கும் விலங்கு இராது என்று முதலில் அஞ்சியவர்களும் அந்த வேட்டைக்காரர்களே. 1877இல் நீலகிரியில் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் நீலகிரி விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கச் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்தது. குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடு அதனால் வந்தது. நீலகிரி வரையாடு இன்று நமது மாநில விலங்கு. அஃது அற்றுப்போகாமல் பிழைத்ததற்கு இத்தகைய கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். ஆயினும் அந்தப் பாதுகாப்பின் நோக்கம், அடுத்த ஆண்டும் வேட்டை கிடைக்க வேண்டும் என்பதேயாகும். 1936இல் இமயத்தின் அடிவாரத்தில் ஹெய்லி தேசியப் பூங்கா ஏற்பட்டது; பின்னாளில் அது கார்பெட் பெயரைப் பெற்றது. 1940இல் முதுமலைச் சரணாலயம் அமைந்தது. நாடு முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நிறைவேறியது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973இல் தொடங்கியது.

அந்தச் சட்டம் வந்தபோது நான் பதின்மூன்று வயதுச் சிறுவன். அதற்கு முந்தைய ஆண்டு நான் செய்த செயல் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் உண்டிவில்லால் ஒரு கொக்கை அடித்தேன். அடிபட்ட கொக்கு உடனே சாகவில்லை. சேற்றில் ஒரு சிறகை இழுத்துக்கொண்டே நடந்தது. உடனிருந்த தோழர்கள் ஆரவாரம் செய்தார்கள், நானும் சிரித்தேன். இரவு உறக்கம் வரவில்லை. என்னைத் தண்டித்தவர் யாரும் இல்லை. அன்று அது தவறென்று சொன்னவரும் இல்லை. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, குழந்தைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்துவது எவ்வாறு என்று கற்றபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கொக்கின் நடைதான்.

தோல் வணிகத்தையே உயிராகக் கொண்ட நமது வட்டாரத்தில் இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் தோல் பதனிடும் தொழில் ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோலை நம்பியது. ஆனால் சென்னைப் பட்டினத்தின் வழியாக ஒரு காலத்தில் பாம்புத்தோலும் ஏராளமாகக் கடல் கடந்தது. அயல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைக்காகவும் காலணிக்காகவும் நம் வயல்களின் சாரைப்பாம்புகள் மடிந்தன. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அவ்வணிகத்தை நிறுத்தின. பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்கள் வாழ்வுக்கு வழியின்றி நின்றனர். 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை மட்டும் எடுத்து, மீண்டும் காட்டில் விடும் முறை வந்தது. அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து ஆக்கப்படுகிறது. கொன்று பெற்ற வருவாயைவிடக் காத்துப் பெற்ற வருவாய் நிலைத்து நின்றது.

சட்டங்களின் வரலாற்றை இவ்வளவில் நிறுத்திக்கொண்டு, இவற்றுக்கெல்லாம் முன்னதான ஒரு வரலாற்றுக்கு வருவோம். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் அமைந்தது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அதற்கு எழுபத்து நான்கு ஆண்டுகள் முன்னரே, நம் தொண்டை மண்டலத்துச் சிற்றூர் ஒன்றின் உழவர்கள், தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அரசாங்கத்திடம் ஆணை பெற்றிருக்கிறார்கள். அந்த ஊர் வேடந்தாங்கல்.

பெயரையே பாருங்கள். தொண்டை நாட்டில் சிறிய ஏரியைத் தாங்கல் என்பர். வேடன் தாங்கல் என்பதே வேடந்தாங்கல் ஆயிற்று என்பர். வேடனின் பெயரைத் தாங்கிய ஏரி பறவைகளுக்கு அடைக்கலம் ஆயிற்று.

1763இல் ஆற்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ஐதர் அலியோடு நிகழ்ந்த போர்களில் அந்தச் சீமை பாழ்பட்டது, ஏரிகள் உடைந்தன, குடிகள் கலைந்தனர். 1794இல் அங்கே கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் ஊக்கம் காட்டினார். மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதைக் கண்டு இவர் வியந்தார் என்றும், அதனால்தான் அவ்வூர் இராமர் ஏரிகாத்த இராமர் எனப்படுகிறார் என்றும் மதுராந்தகத்து மக்கள் இன்றும் சொல்வர். கதையின் உண்மை எவ்வாறாயினும், ஏரி காக்கும் அதிகாரி என்று மக்கள் மனத்தில் பதிந்தவர் அவர் என்பது அதனால் விளங்கும்.

மதுராந்தகத்திற்கு அண்மையில் உள்ளதே வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்றும் வழிவழியாகச் செய்தி உண்டு. பிளேஸ் துரை அவர்கள் முறையீட்டை ஏற்று, 1798இல் அந்த ஏரியைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்து ஆணை தந்தார். பின்னர் 1858இல் ஊரார் தங்கள் உரிமையைக் கலெக்டரிடம் மீண்டும் உறுதி செய்துகொண்டனர். 1936இல் அரசு அதனைச் சரணாலயமாக முறைப்படி ஏற்றது. 2022இல் வேடந்தாங்கலும், அருகிலுள்ள கரிக்கிலியும், உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்கள் என்று ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றன. ராம்சார் என்பது ஈரான் நாட்டு நகரம். ஈரநிலங்களைக் காக்க 1971இல் நாடுகள் கூடி உடன்பட்ட இடம்.

இங்கே நீங்கள் ஒரு வினாவை எழுப்ப வேண்டும். வரலாற்று மாணவன் எப்போதும் ‘ஏன்’ என்று கேட்பான். உழவர்கள் ஏன் பறவைக்காக வழக்காடப் போனார்கள்? கருணை ஒரு காரணம்; வந்த விருந்தை வாட்டக்கூடாது என்னும் நம் மரபு ஒரு காரணம். மூன்றாவது காரணம் கண்கூடானது. அந்த ஏரி ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புடையது. நீருக்குள் கடப்ப மரங்கள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. நீர்க்கடம்பு என்பதும் அதுவே. வேர் மாதக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாத மரம். பல்லாயிரம் பறவைகள் அவற்றின் மீது கூடு கட்டி, சுற்றுவட்டாரத்து வயல்களிலும் நீர்நிலைகளிலும் மீனும் தவளையும் நத்தையும் உண்டு, ஏரிக்குத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த நீர் மதகு வழியே நெல்வயலுக்குப் பாய்கிறது. விலை கொடுத்து வாங்காத உரம் அது! உரக்கடை என்ற ஒன்றே இல்லாத நூற்றாண்டில் அந்த மக்கள் தம் கண்ணால் கண்டு, விளைச்சலால் அறிந்து, இந்த உறவைப் புரிந்துகொண்டார்கள். நிறைநீரில் நிற்கும் மரத்தில் கட்டிய கூட்டைப் பாம்பும் பூனையும் எளிதில் அணுக முடியாது. ஆதலால் பறவைக்கு ஏரி அரண். உழவனுக்குப் பறவை உரம்.

இத்தகைய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம்; சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. வேட்டங்குடியை அடுத்த ஊர்களில் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளி நாளில் வெடி வேண்டாம் என்று ஒரு பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றோர் அறிவர். அதனை ஓர் ஊரே ஆண்டுதோறும் செய்கிறது என்றால் அது சிறிய செயலா?

இனி, வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பிழை. அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை நம் நாட்டுப் பறவைகளே. நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு இடையே ஓர் இடைவெளி இருக்கும். நத்தையின் சதையை இழுத்தெடுக்க ஏற்ற கருவி அது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இருபுறமும் வீசி வீசி இரை தேடும். வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், சாம்பல் நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, இரவில் இரை தேடும் வக்கா ஆகியவையும் அங்குண்டு. பாம்புத்தாரா நீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்போது பாம்பென்றே மருள்வோம். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் முதலியவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. வெயில் ஏறுமுன் தம் நாடு திரும்பிவிடும். ஆகவே, தாய்வீட்டுக்குப் பேறுகாலத்திற்கு வரும் மகளும், ஊர்வழியே வந்து தங்கிப் போகும் விருந்தாளியும் ஒரே வீட்டில் இருப்பதைப்போல், அந்த ஏரியில் இருவகையும் இருக்கின்றன.

பாயின் பேரனுக்கு நான் வேடந்தாங்கலைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. “புலி இல்லையா ஐயா?” என்றான்.

“தம்பி, புலி காட்டுக்குள் இருக்கும்; ஆனால் நீ போகும் நாளில் உனக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. மூன்று நாள் முதுமலையில் சுற்றிவிட்டு மானையும் மயிலையும் மட்டும் கண்டு திரும்பியவர் பலர். உன் முதல் பயணம் ஏமாற்றமாக முடியக்கூடாது. வேடந்தாங்கலில் பருவமும் நீரும் சரியாக இருந்தால் கரையில் நின்றே உயிர்களின் முழு வாழ்க்கையையும் பார்க்கலாம்” என்றேன்.

‘நீரும் சரியாக இருந்தால்’ என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு நாற்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் வேடந்தாங்கலுக்குச் சென்றேன். தேதியை மூன்று மாதம் முன்னதாகவே குறித்தேன். பேருந்துக்கு முன்பணம் கட்டினேன். புளியோதரைக்கும் தயிர்ச்சோற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்த ஆண்டு மழை பெய்ததா என்று கேட்கவில்லை. வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. கடப்ப மரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகள்தாம் இருந்தன. காவற் கோபுரத்தில் ஏறிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கோ நாணம் மேலிட்டது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, “பெரியவரே, பறவைகள் எப்போது வரும்?” என்று கேட்டேன்.

“தண்ணி வந்தா அதுங்க வரும், சாமி. தண்ணி வராதப்போ எங்களுக்கே சோறு இல்லே, அதுங்களுக்கு எங்கே? நீங்க பஸ்ஸுக்குச் சொன்னாப்போலே மானத்துக்கும் சொல்லிட்டு வந்திருக்கணும்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை. நாற்பது பிள்ளைகளும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏரி நிறையும் ஆண்டு ஊர் எப்படி இருக்கும், மதகு திறக்கும் நாள் எது, குஞ்சு கீழே விழுந்தால் என்ன செய்வோம் என்றெல்லாம் அவர் சொன்னார். பறவையைக் காணாத அப்பயணத்தில்தான் என் மாணவர்கள் ஏரியைப் பற்றி மிகுதியாகக் கற்றார்கள் என்று இன்று தோன்றுகிறது. எனினும், வெறும் ஏரியைக் கண்டு அவர்கள் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

ஆகவே, இத்தகைய விடுமுறையை எவ்வாறு திட்டமிட வேண்டும்? என் பட்டறிவிலிருந்து சில சொல்கிறேன்.

முதலாவது, நாட்காட்டியைப் பார்க்குமுன் வானத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை ஏரியை நிரப்பும். கூடு கட்டுதல் அதன்பின் தொடங்கும். மார்கழியிலும் தையிலும் கூடுகளும் குஞ்சுகளும் நிறைந்திருக்கும். நமது அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அப்பருவத்திலேயே வருவது நற்பேறு. புறப்படுமுன் வனத்துறையினரிடம் நீர் நிலையைக் கேட்டறிக.

இரண்டாவது, நேரம். காலையில் பறவைகள் இரை தேடிப் புறப்படும்போதும், பிற்பகல் நான்கு மணிக்கு மேல் கூட்டுக்குத் திரும்பும்போதும் காண்பது சிறப்பு. நடுப்பகலில் சென்று கண் கூச நின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்புவோர் பலர்.

மூன்றாவது, அடக்கம். உரத்த குரல் கூடாது. பளிச்சென்ற ஆடை கூடாது. கல்லெறிவதை நினைக்கவும் கூடாது. படம் எடுக்கும் ஆசையில் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போகும். அந்தச் சிறிது நேரத்திலேயே முட்டையைக் காகம் கொத்திவிடும். தொலைநோக்கி ஒன்று இருந்தால் நால்வர் பகிர்ந்து பார்க்கலாம்.

நான்காவது, ஒரு குறிப்பேடு. கண்டதை அங்கேயே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகின் வடிவத்தையும் காலின் நிறத்தையும் குறியுங்கள். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல் பல தலைமுறைகளுக்குக் கண் திறந்தது. நம் மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய அறிவும் இத்தகைய பொறுமையான பார்வையிலிருந்தே வளர்ந்தது.

ஐந்தாவதாக, எல்லா விலங்கையும் நெருங்கிக் காண ஆசைப்படாதீர்கள். 1980களில் தெற்கேயுள்ள காடுகளிலிருந்து யானைகள் சில இடம் பெயர்ந்து, நம் குடியாத்தத்தை அடுத்த ஆந்திர எல்லைக் காடுகளில் குடியேறின. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக யானையே இல்லாதிருந்த காடுகள் அவை. 1990இல் அங்கே கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. வரலாற்றுக்கு அது வியப்பு. நம் எல்லையோரத்து உழவனுக்கோ வாழையும் கரும்பும் போகும் துன்பம். அவன் இரவு முழுவதும் விழித்திருக்கையில், நாம் வேடிக்கை பார்க்கக் கூடுவது முறையன்று.

இனி வழியைச் சொல்கிறேன். வேலூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து உத்திரமேரூர், அங்கிருந்து வேடந்தாங்கல். நம் பாலாறு போகும் திசையிலேயே பெரும்பகுதி வழியும் செல்கிறது. உத்திரமேரூரில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் சென்று பாருங்கள். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறித்த கல்வெட்டுகள் சுவரெங்கும் உள்ளன. குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது ஊரின் கடமை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதிய நாட்டில்தான், ஏரிப் பறவைக்காகக் கலெக்டரிடம் சென்ற வேடந்தாங்கல் மக்களும் தோன்றினார்கள்.

பாயும் பேரனும் மார்கழிக் கடைசியில் சென்று வந்தார்கள். மழை அந்த ஆண்டு ஏமாற்றவில்லை. திரும்பி வந்த மாலையே பையன் குறிப்பேட்டோடு முக்காலியருகே வந்து நின்றான். பதினேழு வகைப் பறவைகளை எழுதியிருந்தான். நத்தைகுத்தியின் அலகைப் படமாகவும் வரைந்திருந்தான். புலியைப் பற்றி அவன் பேசவே இல்லை. ஆனால் ஒன்று கேட்டான்.

“ஐயா, அந்த ஊருக்குப் போகிற வழியில் பாலாற்றைப் பார்த்தோம். நம்ம ஊரிலும் பாலாறு இருக்கு, ஏரியும் இருக்கு. நம்ம ஊரில் ஏன் இப்படி இல்லை?”

பாய் கல்லாப்பெட்டியைத் திறந்தார், மூடினார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம தொழிலும் ஒரு காரணம்டா கண்ணு. அதையும் ஐயா சொல்வாங்க, கேட்டுக்கோ” என்றார். ஐம்பது ஆண்டு நட்பில் அவர்மீது நான் வைத்திருந்த மதிப்பு அந்த ஒரு வார்த்தையால் இன்னும் உயர்ந்தது.

அவர் சொன்னது மெய். நம் வட்டாரத்துத் தோல் தொழிலால் இலட்சக்கணக்கானோர் உண்டு உடுத்தி வாழ்கின்றனர். என் மாணவர் பலருடைய பள்ளிக் கட்டணம் அதிலிருந்தே வந்தது. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் ஏரிகளையும் கெடுத்ததும் உண்மையே. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் இதனை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் வந்த தீர்ப்பு இந்திய நாட்டின் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். மாசு செய்தவனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றும், கேடு வருமுன்னே காக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்த கோட்பாடுகளைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் ஆறு முற்றும் தேறவில்லை. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசினைக் குறித்து மீண்டும் கடுமையாகத் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1798இல் தங்கள் ஏரிக்காக மனுச் செய்த உழவர்கள் ஒருபுறம். நம் காலத்தில் தங்கள் ஆற்றுக்காக மனுச் செய்த வேலூர்க் குடிமக்கள் மறுபுறம். வேடந்தாங்கலார் கெடுமுன் விழித்துக்கொண்டார்கள். நாம் கெட்டபின் விழித்தோம். பிந்தி விழித்தவனுக்கு வேலை அதிகம். ஆனால் விழித்தவன் மீண்டும் உறங்க வேண்டியதில்லை.

மாணவர்களே, அடுத்த விடுமுறைக்கு நீங்களும் திட்டமிடுங்கள். தொலைவுக்குப் போக வசதி இல்லாதவர்கள் தங்கள் ஊர் ஏரிக்கரைக்கே ஒரு காலைப்பொழுது செல்லுங்கள். அங்கே ஒரு கொக்கோ ஒரு நீர்க்காகமோ நிற்கலாம். எத்தனை நிற்கின்றன என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே நாளில் எழுதுங்கள். குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். பாயின் பேரன் இப்போது ஞாயிறுதோறும் சைக்கிளில் ஒரு ஏரிக்குப் போய் வருகிறான். அவன் கணக்கில் இதுவரை ஒன்பது கொக்கு, இரண்டு நீர்க்காகம், ஒரு சாம்பல் நாரை. லாங் பஜார் முக்காலியில் அமர்ந்து வாரந்தோறும் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொள்வது என் வேலை.